பட்டினி போடச் சொன்ன பாசிக்குத் தீனி போட்ட விவரம்

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு பயிற்சி வகுப்பில் நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பாசிகளும் நலம். அதுதான் பிரச்சினை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மூன்று முறை முயன்றேன். உங்கள் குரலைக் கேட்டதும் "எல்லாம் பிரமாதம் மாப்பிள்ளை" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. முப்பத்தைந்து வருடம் வாத்தியாராகப் பெற்றோர்களிடம் அவர்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ஆகவே தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

பின்னறைக் கதவில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன குறிப்பு எனக்கு மனப்பாடம். நான்கு கண்ணாடிக் குடுவைகள், நான்கிலும் பச்சைப் பாசி. திங்கள் முதல் உரக் கரைசல் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, விளக்கு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். பசியும் வெளிச்சமும் தாங்காமல் பாசி தன்னைக் காத்துக்கொள்ளச் சிவப்பு நிறமியை உண்டாக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. சாயத் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, ஆற்றைக் கெடுக்காத ஒரு சிவப்பைக் கொண்டுவருவேன் என்று இரண்டு வருடமாக நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். வடிகட்டிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் அடுத்த குடுவைக்கு ஊற்றுகிற ஆள் நீங்கள். வருகிற சனிக்கிழமை சோப்புக் கம்பெனி அம்மா வருகிறார், ஒரு சிறு குப்பி சிவப்பு காட்டினால் போதும், காட்டாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

திங்களன்றே சோதனை ஆரம்பம். விளக்கு கண் சிமிட்டியது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் குடுவைகளைப் பார்த்து, "என்ன சார், தண்ணி இவ்ளோ பச்சையா கிடக்கு? ஒரு பிரஷ் குடுங்க, தேச்சு விட்டுடறேன்" என்றார். நான் இரு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்று, "தொடாதீங்க! அது மாப்பிள்ளையோட தொழில்!" என்று கத்தினேன். அவர் குரலைத் தாழ்த்தி, "நல்ல பையனாச்சே சார், ஏன் இப்படி ஆயிட்டாரு?" என்று கேட்டார். ஏணி போட இடமில்லை என்று கதவோரக் குடுவையைத் தூக்கிப் பால்கனியில் வைத்துவிட்டு, விளக்கைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் மீதி மூன்றும் காற்றுக்குழாயில் குமிழி விட்டுக்கொண்டு என்னையே பார்ப்பது போலிருந்தது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. உதாரணமாக, இரண்டாம் வாய்ப்பாட்டிலேயே தடுக்கி விழுந்த ஒருவன், ஒரு பன் வாங்கிக் கொடுத்ததும் பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பசித்த பாசி மட்டும் எப்படிச் சிவக்கும்? முதலில் தெம்பு, பிறகு சிவப்பு என்று தீர்மானித்து ஆளுக்கு ஒரு மூடி உரக் கரைசல் ஊற்றினேன். மறுநாளும் பச்சை. போதவில்லை போலும் என்று இரண்டு மூடி. விளக்கு வேறு கண்ணைக் கூச வைத்தது, பாவம் என்று மூன்றுக்கும் படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டேன். உங்கள் அத்தை வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"அவங்க பாசி வளக்கச் சொன்னாங்க. நீங்க பாலர் பள்ளி நடத்துறீங்க."

"பசிக்குமேம்மா."

"அதுக்கு வாயிருக்கா, வயிறிருக்கா? எனக்கு ரெண்டும் இருக்கு. என்னைக்காவது சாப்பிட்டியான்னு கேட்டிருக்கீங்களா?"

நான் விரிப்பின் ஓரங்களை நன்றாகச் செருகிவிட்டேன்.

பத்து நாள் ஆகிவிட்டது. இன்று விரிப்பை விலக்கினேன். கிளி தோற்றுவிடும் மாப்பிள்ளை, அப்படியொரு பச்சை. சிவப்பு மருந்துக்கும் இல்லை. இனிமேல் பட்டினி போட்டாலும், பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் திறந்தவன் கதைதான். நாளை மறுநாள் அந்த அம்மாவிடம் எதைக் காட்டுவேன்? இப்போதே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா? தவறு முழுக்க என்னுடையது. என் மகளைக் கோபிக்காதீர்கள். ஆயுசுக்கும் அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

இருவரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டும். வரும் வழியில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பெஞ்சின்மேல் நிற்கத் தயாராக இருக்கும் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தைப் படம் எடுக்கப் போகும்போது, வழக்கமான மொட்டைமாடியை விட்டு இன்று பால்கனியில் துணி உலர்த்தப் போன உங்கள் அத்தை அங்கிருந்து கத்தினாள்: "இங்க வாங்க, இது யாரு பெத்த பிள்ளை?" எலெக்ட்ரீஷியன் வைத்த நான்காவது குடுவை! பத்து நாளாக உச்சி வெயிலில், உரமில்லாமல், காற்றுக்குழாய் இல்லாமல், என் ஞாபகத்திலும் இல்லாமல் நின்றிருக்கிறது. அடியில் செங்கல் பொடி போலப் படிந்திருக்கிறது, குலுக்கினால் குடுவை முழுக்கச் சிவப்பு. அந்த அம்மா தாராளமாக வரலாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வருடம் முழுக்க அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்க மறந்திருந்தேன். அவள்தான் முதலாவதாக வந்தாள். என் போதனையின் பலன் என்றல்லவா இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

ஒரே ஒரு சந்தேகம். பத்து நாள் பட்டினி, பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு மூடி மட்டும் ஊற்றலாமா? சம்மதம் என்றால் பதிலை உங்கள் அத்தைக்கு எழுதுங்கள். உரப் புட்டி அவள் பீரோவில் இருக்கிறது. சாவி இருக்குமிடம் எனக்குத் தெரியாது.