டாக்டரின் பேனாவை நிறுத்தும் பயிற்சி

கணபதி, கோவை
17.8.1997

அன்புள்ள தம்பி அருள்குமாருக்கு,

இங்கே நான் சுகம். சத்தியில் நீயும் புவனாவும் சுகமாயிருக்க வேண்டும். மஞ்சள் விலையும் அப்படியே. உன் மாமியாரின் காலைக் காப்பாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. இத்தனை வருடம் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கிருமிகளோடு குடித்தனம் நடத்தும் அக்காவுக்கு இதுகூடவா தெரியாது என்று புவனா கேட்பாள். தெரியாதென்றே சொல்லிவிடு.

விஷயம் இதுதான். உன் மாமியார் சென்னியம்மாளின் பாதப் புண்ணுக்கு இதுவரை நான்கு ஆன்டிபயாடிக் மாற்றிக் கொடுத்தாகிவிட்டது. கிருமி நான்கையும் ஏப்பம் விட்டுவிட்டுத் தெம்பாக இருக்கிறது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதைக் கல்ச்சர் ரிப்போர்ட் நாளை மதியம் சொல்லும். அதற்குள், காலை ரவுண்ட்ஸில், டாக்டர் வெள்ளியங்கிரி ஐந்தாவதையும் ஊகத்தில் எழுதி, அதுவும் கேட்காமல் போனால், கடைசியில் கத்திதான். அவர் கெட்டிக்கார சர்ஜன். யோசனையைப் பேனா முந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

இந்த வழக்கத்தை மாற்ற நிர்வாகம் இன்று ஒரு பயிற்சி ஏற்பாடு செய்தது. நடத்தும் பாக்கியம் எனக்கு. பன்னீர், கல்கண்டு, பொன்னாடை எல்லாம் முடிந்து பாடம் தொடங்கும்போது கூட்ட அறையில் கரண்ட் போய்விட்டது. அதனால் எல்லோரும் பெண்கள் வார்டுக்குப் போய் உன் மாமியாரின் கட்டிலைச் சுற்றி நின்றோம். பாடம் எளியது. உயிருக்கு அவசரமில்லாத நோயாளிக்கு டாக்டர் புது ஆன்டிபயாடிக் எழுதப்போனால், பக்கத்தில் நிற்கும் நர்ஸ், ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். வரவில்லையென்றால் டாக்டர் நிறுத்த வேண்டும். டாக்டராக நடிக்க வெள்ளியங்கிரியே சம்மதித்தார். முதலில் வந்தது வார்டு சிஸ்டர் பாவாத்தாள்.

“ஏனுங்க டாக்டருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ரிப்போர்ட்டுங்க… வந்தா வரட்டுமுங்க. நீங்க எளுதுங்க.”

சொல்லிக்கொண்டே பேனா மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

“நீங்க சொன்னா நிறுத்திப்போடறேனுங்க சிஸ்டர்” என்று டாக்டரும் பணிவாகச் சொல்லியபடியே எழுதி முடித்தார்.

அடுத்தது ஜெரோம் என்கிற ஆண் நர்ஸ். கேள்வியை அட்சரம் பிசகாமல் கேட்டார். ஆனால் என்னைப் பார்த்து.

“டாக்டரு மூஞ்சியப் பாத்தா பேச்சே வரமாட்டேங்குதுங்க மேடம்.”

திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். மத்தியானம் வரை வார்டு முழுக்க ரிப்போர்ட் பஜனைதான். பேனா ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆளுக்கொரு சான்றிதழும், மருந்துக் கம்பெனி உபயமாக ஆளுக்கொரு பேனாவும் கொடுத்துப் பயிற்சியை முடித்தோம். மரியாதை நல்ல குணம்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் அது கிருமிக்கும் கிடைக்கிறது.

நீ கவலைப்படாதே. நாளைக் காலை நானே கட்டிலருகே நிற்பேன். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. முகத்துக்கு நேரே கேட்டு நிறுத்திவிடுவேன்.

புவனாவுக்கு அன்பு. குழந்தைகள், சளி பிடித்தால் ஆன்டிபயாடிக் கேட்டு நச்சரிக்காமல், நீண்ட நாள் வாழ்க.

உன் அக்கா,
சாமியாத்தாள்

பி.கு.: நேற்றே தபாலில் சேர்க்க முடியவில்லை. எனவே இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சொன்னபடி போய் நின்றேன். வெள்ளியங்கிரி பேனாவை எடுத்தார்.

“சாப்பிட்டாச்சுங்களா மேடம்?”

“ஆச்சுங்க டாக்டர்” என்றேன். அவர் மருந்தின் முதல் எழுத்தைப் போட்டபோது கட்டிலிலிருந்து குரல் கேட்டது.

“ஏனுங்க டாக்டருங்க, அந்த ரிப்போட்டு வந்துருச்சுங்களா?”

பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “இன்னும் இல்லீங்க ஆத்தா” என்று பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார். மதியம் ரிப்போர்ட் வந்தது. அவர் எழுதவிருந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. யாரும் சீந்தாத, விலை மலிவான ஒரு பழைய மருந்துக்கு அடங்கும். உடனே அதைத் தொடங்கிவிட்டார்கள். கத்திப் பேச்சு இப்போதைக்கு இல்லை. மாலையில் எட்டிப் பார்த்தேன். உன் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனம்மணி, நீயும் அங்கதான நின்னுட்டிருந்தே?”