படகுக்குத் தண்ணி காட்டிய கதை

நடந்தது இவ்வளவுதான்:

1. என் தாய்மாமா ஒரு படகு கட்டினார்.
2. கடைசி நாள் வேலைகளை நான் பட்டியல் போட்டேன்.
3. எல்லாவற்றுக்கும் நேரே சரி அடையாளம் போட்டேன்.
4. படகு துரையோடு மூழ்கியது.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு சங்கதி இருக்கிறது. அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஆற்றை மறித்து நீர்த்தேக்கம் கட்டியதில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஒரு பகுதி அக்கரையாகிவிட்டது. அங்கிருந்து மருந்துக்கு வருகிறவர்கள் நெடுந்தூரம் சுற்றி நடந்தார்கள். படகு வேண்டும் என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. நான் கட்டுகிறேன் என்றார் மாமா.

அம்மாவின் பிறந்த வீடு தூத்துக்குடிக் கரையில் தோணி கட்டும் ஓடாவிக் குடும்பம். ஒரு தோணிக்கு வீடே வேலை செய்யும். தாத்தா பலகை வளைப்பார், மாமாக்கள் ஆணி அடிப்பார்கள், பெண்கள் பலகை இடுக்கில் அடைக்கப் பஞ்சு திரிப்பார்கள். காகிதம் கிடையாது, கண்ணும் கோலும்தான். அம்மா இலங்கை மலைக்கு வாழ்க்கைப்பட்டதும் இந்த மாமாவும் உளிப்பெட்டியோடு பின்னாலேயே வந்து, தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிக்கச் சேர்ந்தார்.

"சதுரமாவே அடிச்சு அடிச்சு என் கண்ணே சதுரமாப் போச்சு புள்ள" என்பார்.

இந்தப் படகு நன்றாக ஓடினால் அடுத்ததைக் கட்டும் வேலையும் மாமாவுக்கு. இல்லையென்றால் கொழும்பில் வாங்குவது. இது துரையின் பேச்சு.

நானோ அப்போதுதான் கொழும்பில் வரைபடம் வரையும் படிப்பை முடித்து வந்திருந்தேன். (அளவுகோல், சான்றிதழ், தலைக்கனம் மூன்றும் கையோடு.) கட்டி முடிந்த படகை அளந்து வரைபடம் போட்டுக் கொடுத்தேன். மாமா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார்.

வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள் சங்கிலி வாங்க அவர் அட்டனுக்குக் கிளம்பினார். பஸ்ஸில் கால் வைத்தபடியே சொன்னார்:

"துடுப்புக்கு எண்ணெய் பூசு. ஆணித் தலையெல்லாம் பாரு. படகுக்குத் தண்ணி காட்டிரு. மறந்துறாத!"

மாட்டுக்குத் தண்ணி காட்டுவது எனக்குத் தெரியும். படகு மாடு அல்லவே? கொஞ்சம் யோசித்தேன். சூடம் காட்டுகிறோம், ஆலாத்தி காட்டுகிறோம். இது கடற்கரைச் சடங்கு போலும் என்று முடிவு செய்தேன். (படித்தவள் சடங்கை மதிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.) செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துப் போய், படகின் முன்னால் பயபக்தியோடு மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினேன். சரி அடையாளம் போட்டேன்.

அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, "மாமா சொன்னதெல்லாம் செஞ்சியாடி?" என்றாள்.

"எல்லாத்துக்கும் சரி போட்டாச்சும்மா."

பஸ்ஸைத் தவறவிட்ட மாமா மறுநாள் காலையில்தான் வந்தார். இராத் தூறலில் நனைந்திருந்த படகைத் தடவிப் பார்த்தார்.

"தண்ணி காட்டுனியா?"

"மூணு தரம் மாமா!"

"மூணு தரமா? ஒரு தரமே போதுமே!" என்று பூரித்துப் போனார்.

துரை ஏறினார். மாமா துடுப்பு வலித்தார். பத்துப் பாகத் தூரம் போயிருக்கும், துரை தன் சப்பாத்துக் காலைக் குனிந்து பார்த்தார்.

"தச்சன், தண்ணி உள்ளே வருது. நாங்க வெளியே போறதா?"

போனார்கள். நல்லவேளை, இடுப்பளவுத் தண்ணீர்தான். துரையின் தொப்பி மட்டும் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

"எப்படிடி காட்டுன?" என்றார் மாமா, தண்ணீரில் நின்றபடியே. நான் வெறுங்கையால் சுற்றிக் காட்டினேன். கரையில் நின்ற அம்மா தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தேயிலை வாட்டும் மாடியில் ஒரு மாதம் காயவைத்த பலகை அது. தண்ணீரில் இறக்கி, கல்லை ஏற்றி, நன்றாகக் குடிக்க விட்டால்தான் பலகை உப்பி இடுக்கு அடையும். அதற்குத்தான் தண்ணி காட்டுவது என்று பெயர்.

மாமா திட்டவில்லை. மூழ்கிய படகிலேயே கல்லை ஏற்றினார். "இப்பக் குடிக்கட்டும்" என்றார்.

மறுநாள் தண்ணீரை இறைத்துவிட்டுத் துரையைக் கூப்பிட்டார். துரை ஏறவில்லை. மாமா மட்டும் அக்கரைக்குப் போய்த் தொப்பியோடு திரும்பினார். துரை படகுக்குள் கைக்குட்டையை விட்டு அடிப்பலகையைத் துடைத்தார். கைக்குட்டை காய்ந்தே இருந்தது.

இப்போதும் வீட்டில் நான் ஏதாவது செய்துவிட்டேன் என்று சொன்னால், "செஞ்சியா, காட்டுனியா?" என்றுதான் கேட்கிறார்கள்.

முதல் படகு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதை மாமா கட்டுகிறார். வரைபடம் என்னுடையது. தண்ணி காட்டும் வேலை அம்மாவுக்கு.