புல் முளைத்த கொம்பியூட்டர்

"பிள்ளையின்ரை படிப்புக்காக நான் எதையும் செய்வன்" என்று என்னுடைய அவர் ஒருநாள் காலை, புட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு அறிவித்தார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் குசினியிலிருந்து வெளியே வந்தேன். கதிர்காமநாதன் மற்றவர்களுக்காக எதையும் செய்யத் துணிந்தால், அவருக்கு ஏதோ தேவைப்படுகிறது என்று அர்த்தம். புது மோட்டார் சைக்கிள் வாங்கினது என் முழங்கால் வலிக்காக. பெரிய டிவி வாங்கினது என் கண்பார்வைக்காக. உலகக் கிண்ணம் தொடங்கப் போகிற கிழமையில்தான் என் கண் அவருக்கு ஞாபகம் வந்தது.

"என்ன வேணும், சொல்லுங்கோ."

"எனக்கொண்டும் வேண்டாமப்பா. பிரியந்தினியின்ரை கொம்பியூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் காட் போடோணும். படமெல்லாம் இழுபடுது. பிள்ளை கஷ்டப்படுது."

பிரியந்தினி எங்கள் ஒரே மகள். உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கிறாள்.

"கணக்கியல் படிக்கிற பிள்ளைக்கு என்ன படம்?"

"ஐந்தொகை எல்லாம் போடுறாளெல்லோ..."

"ஐந்தொகையில எது இழுபடுது? சொத்தோ, பொறுப்போ?"

கஷ்டப்படுகிற பிள்ளை புட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தது.

எனக்கு உண்மை தெரியும். இந்த மனிசன் உழவு மெசின் ஓட்டுகிறார். கொம்பியூட்டர் விளையாட்டுக்குள். அதிலே ஒரு வெள்ளைக்காரத் தோட்டம். இவர் அதை உழுகிறார், விதைக்கிறார், அறுக்கிறார், மாட்டுக்கு வைக்கோல் போடுகிறார். வட்டக்கச்சியில், வாய்க்கால் ஓரத்தில், என்னுடைய சீதனக் காணி என்று ஒரு வயல் மெய்யாகவே கிடக்கிறது. மெய்யான உழவு மெசின் கொட்டிலில் நிற்கிறது. அதன் சீற்றில் கோழி அடைகாக்கிறது.

இதில் இன்னொரு கூத்து, ஐயா எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். சிறுபோகத்தில் தண்ணீர் மட்டு. ஆகவே வயல் வயலாக முறை வைத்துத்தான் வாய்க்காலில் விடுவார்கள். இவர் போட்ட சட்டம் இது: முறை வரும்போது மண்வெட்டியோடு மடையில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்கு. போன முறை போனதுதான். செத்தவீட்டுக்குப் போய்ப் பிந்தி வந்த மனிசனுக்கே, "செத்தவர் காத்துக்கொண்டிருப்பார், தண்ணி இருக்காது" என்று சொல்லி அனுப்பியவர்.

அப்படிப்பட்டவர் போன கிழமை தன்னுடைய முறைக்கே போகவில்லை. வெள்ளைக்காரத் தோட்டத்தில் சோளம் அறுப்பாம். என் வயல் வெடித்துப் போய்க் கிடந்தது. ஊருக்குத் தனக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னார். இன்னும் இரண்டு முறை தவறினால் இந்தப் போகத்து விளைச்சல் போச்சு. கமக்காரர் அமைப்புச் செயலாளரின் பெண்சாதி கடையில் அரிசி வாங்க வேண்டியதுதான். அந்த வெட்கத்துக்கு நான் தயாரில்லை.

"இஞ்சருங்கோ, உங்கட விளையாட்டில என்னதான் இழுபடுது?" என்று நேரடியாகவே கேட்டேன்.

மனிசன் ஒருக்கால் மகளைப் பார்த்தார், ஒருக்கால் புட்டைப் பார்த்தார். பிறகு ஆசை வெட்கத்தைத் தின்றுவிட்டது.

"வரம்பில ஏறினவுடன மெசின் அப்பிடியே விறைச்சுப் போய் நிக்குது, பத்மா. எல்லாத்தையும் குறைச்சுப் பாத்திட்டன். நிழலைக் குறைச்சன். மரத்தைக் குறைச்சன். கடைசியில புல்லையும் நிப்பாட்டிப் போட்டன்."

"புல்லை நிப்பாட்டலாமோ?"

"ஓம். செற்றிங்ஸில ஒரு பொத்தான் இருக்கு. அமத்தினால் ஒரு புல்லும் தெரியாது."

"வயலிலயும் அந்தப் பொத்தான் இருந்தால் ஒருக்கால் அமத்திவிடுங்கோ. கோரைப்புல் நெல்லை மூடிப்போட்டுது."

நான் யோசித்தேன். மறுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிவார். அப்போதும் வயலுக்குப் போகமாட்டார்.

"சரி, வாங்குவம். குறைஞ்ச விலையில. ஆனால் எந்தக் காட் எண்டு நான்தான் தெரிவன்."

"நீயோ?" அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இதென்ன சேலையோ, பத்மா, விரிச்சுப் பாத்துத் தெரிய?"

அந்தச் சிரிப்புக்காகவே நான் கிராபிக்ஸ் காட் படித்தேன். கொன்வென்ட் சிஸ்டர்மார் பிரம்பால் ஏற்றிவிட்ட இங்கிலீஷ் இத்தனை காலம் மருந்துப் போத்தல் வாசிக்கத்தான் உதவியது. இப்போது சோறு வடிக்கும்போதும் கையில் போன். எந்தக் காட்டுக்கு எவ்வளவு மெமரி, எது எவ்வளவு கறண்ட் குடிக்கும், எது கொதிக்கும் என்று உலகத்துப் பெடியள் எல்லாரும் அடிபடுகிறார்கள். மீன் சந்தை தோற்றுவிடும். நானும் அதற்குள் இறங்கிவிட்டேன். மலிவு என்று பழைய காட் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களின் ஒப்பாரிகளை வாசிக்க வாசிக்க இரண்டு தரம் பருப்பு அடிப்பிடித்தது. அவர் அதையும் வழித்துச் சாப்பிட்டார். காட் வரும்வரைக்கும் எதையும் சாப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை கிளிநொச்சி ரவுணுக்குப் போனோம். கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிற மஸாஹிர், எங்களைக் கண்டவுடன் எழும்பி வந்தான்.

"வாங்கோ அண்ணன். நீங்கள் எடுத்து வைக்கச் சொன்ன சாமான் அப்பிடியே இருக்கு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் வீதியில் போன லொறியைப் பார்த்தார்.

சாமான் வந்தது. மூன்று விசிறி. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி வெளிச்சம்.

"இதென்ன தம்பி, தேர்த் திருவிழாவோ?"

"லைற் இருந்தால் வேகம் கூட, பத்மா" என்றார் அவர். மஸாஹிர் இருமினான்.

"ஆர் பாவிச்சது, தம்பி?"

"ஒரு பெடியன் அக்கா. எப்பவாவது ஒருக்கால்தான் விளையாடுவானாம்."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காட்டைத் திருப்பிப் பார்த்தேன். "எப்பவாவது விளையாடினவன் ஸ்குரூத் தலையெல்லாம் தேயத் தேய ஏன் கழட்டிப் பூட்டினவன்? இது இன்ரநெற்றில டிஜிற்றல் காசு தோண்ட இரவு பகலாய் ஓடவிட்ட காட். ஓய்வூதியம் எடுக்கிற வயசு இதுக்கு. மெமரி எவ்வளவு?"

"நாலு ஜீபி அக்கா."

"காணாது. புல்லுக்கு எட்டு வேணும்."

"என்ன புல்லு அக்கா?"

"ஐந்தொகையில முளைக்கிற புல்லு."

என்னுடைய அவர் கடைக் கூரையில் எதையோ தேடினார்.

"சரி, இந்த நீளம் எங்கட பெட்டிக்குள்ள போகுமோ?"

"ஓ, நான் அளந்தனான்" என்று அவர் உசாரானார். "சாணால அளந்தனான். ரெண்டு சாண்."

நான் கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்தேன். பெட்டியின் உள்பக்கத்தை வீட்டிலேயே அளந்து, நாடாவில் ஊசி குத்திக் கொண்டுவந்திருந்தேன். மூன்று விசிறிக்காரர் ஊசியையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றார்.

"இதைப் பூட்டினால் தலை வெளியில நிக்கும். எங்கட பழைய பவர் சப்ளையும் இதைத் தாங்காது. தம்பி, அந்த மேல் தட்டில ரெண்டு விசிறியோட ஒண்டு இருக்கே, லைற் இல்லாதது. அதை எடுங்கோ. எட்டு ஜீபிதானே? உத்தரவாதம் இருக்கோ?"

மஸாஹிர் எடுத்துத் தந்தான். உத்தரவாதம் இருந்தது, நீளம் ஊசிக்குள் நின்றது, விலையும் அந்தத் தேரை விடக் குறைவு.

"அக்கா, பின்னேரங்களில கடைக்கு வந்து இருக்கேலுமோ?" என்று கேட்டான். கிண்டலில்லை, மெய்யாகத்தான் கேட்டான்.

வீட்டுக்கு வந்து காட்டைப் பூட்டி, அவர் புல்லுப் பொத்தானைத் திரும்பப் போட்டார்.

என்னவென்று சொல்ல. புல் முளைத்தது. ஒவ்வொரு தாளாகக் காற்றுக்கு அசைந்தது. மெசின் வரம்பில் ஏறியது, நிற்காமல் இறங்கியது, பின்னால் மண் சுருண்டு சுருண்டு புரண்டது. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். "தள்ளுங்கோ, நான் ஒருக்கால் ஓடிப் பாக்கிறன்" என்று கதிரையில் அமர்ந்தவள்தான் நான். இருட்டின பிறகு பிரியந்தினி வந்து, "அம்மா, சோறு?" என்றாள். "அந்த மூலை மட்டும் உழுதிட்டு வாறன்" என்றேனாம். எனக்கு ஞாபகமில்லை.

அவருக்கு வயிறு கலங்கியது. இந்தமுறை மெய்யாகவே.

அடுத்தநாள் செயலாளர் குரலில் பேசினார். "ஒரு வாய்க்கால், மூண்டு வயல். முறை வைப்பம். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் பிள்ளை. திங்களும் வியாழனும் நீ. புதனும் சனியும் நான். ஞாயிறு மடை பூட்டு. நேரத்துக்கு ஆள் கதிரையில இல்லாட்டி முறை அடுத்த ஆளுக்கு. பிள்ளை இல்லாட்டி உனக்கு, நீ இல்லாட்டி எனக்கு, நான் இல்லாட்டித் திரும்பப் பிள்ளைக்கு. போன முறை போனதுதான்."

"நல்ல நீதியாய்த்தான் இருக்கு" என்றேன்.

நீதி எங்கே இருக்கிறது என்பது முதல் கிழமையே தெரிந்தது. திங்களும் வியாழனும் எங்கள் வீட்டில் இடியப்பம். நான் உரலோடு மல்லுக்கட்டுகிற நேரம் அது. செவ்வாயும் வெள்ளியும் மகளுக்கு ரியூசன். அந்த முறை எனக்கு வந்தால் நான் குசினியில் கறி வைக்கிறேன். ஆறு பின்னேரமும் கடைமடைக்கே பாய்ந்தது. மனிசன் கதிரையில் இருந்து சீட்டி அடித்தார். வயல் முறை வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கும் போகவில்லை. இன்னும் ஒரு முறைதான் மிச்சம்.

"இடியப்பம் நல்லாயிருக்கு, பத்மா" என்று அதற்கு முதல்நாள் வியாழன் இரவு சொல்லியிருந்தார். "கிழமை தவறாமல் அவி."

சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு பரமலிங்கத்தாரிடம் போனேன். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர்தான்.

"அண்ணை, எங்கட வயல் முறையை ரெண்டாய்ப் பிரிச்சுப் புதனுக்கும் சனிக்கும் மாத்தித் தரேலுமோ? பின்னேரத்தில."

"பக்கத்து வயல்காரர் மாறச் சம்மதம். ஆனால் செயலாளர் ஐயா சொல்லோணுமே, தங்கச்சி."

"காணி ஆரின்ரை பேரில?"

அவர் வெற்றிலைச் சிவப்போடு சிரித்தார். "உங்கட பேரில."

புதன்கிழமை. அவருடைய முறை. கால் கழுவி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மெசினை அப்போதுதான் கிளப்பினார். போன் அடித்தது.

"ஐயா, பரமலிங்கம் கதைக்கிறன். உங்கட வயலுக்கு முறை. தண்ணி வாய்க்காலில வந்துகொண்டிருக்கு. மடையில ஒருத்தரையும் காணேல்ல."

"என்ரை முறை வெள்ளியெல்லோ?"

"காணிக்காரி மாத்திப் போட்டா, ஐயா. ஆள் இல்லாட்டி அடுத்த வயலுக்கு விடட்டோ? நீங்கள் போட்ட சட்டம்தானே. சனமும் நிக்குது. உங்கட வயிறு சுகமோ எண்டு கேக்குதுகள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கொட்டில் பக்கம் கையைக் காட்டினேன். மண்வெட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்கெனவே கட்டியிருந்தது.

"பத்மா, இது அநியாயம்."

"ஆள் கதிரையில இல்லாட்டி முறை அடுத்த ஆளுக்கு. கெதியாய்ப் போங்கோ, தண்ணி காத்துக்கொண்டிருக்காது."

போனார். முறை மகளுக்குப் போனது. "எனக்கு வேண்டாம் அம்மா, நான் கொப்பியில படிக்கிறன்" என்றாள். கஷ்டப்பட்ட பிள்ளை. ஆகவே எனக்கு வந்தது. அது மட்டுமல்ல, இப்போது திங்களும் வியாழனும் எங்கள் வீட்டில் பேக்கரிப் பாண். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானக் கறிதான் இரவுக்கும்.

இப்போது என் வயல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. இரண்டு வயலையும்தான் சொல்கிறேன். முறை இல்லாத பின்னேரங்களிலும் அவர் வயலுக்குத்தான் போகிறார். வீட்டில் கதிரை கிடைக்காத மனிசன் வேறு எங்கே போவார்?

நேற்று நான் சோளம் அறுத்துக்கொண்டிருக்கிறேன், வயலிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். குரல் சேற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பத்மா, இஞ்ச கோரை முழங்கால் மட்டும் நிக்குது. ஒராளால ஏலாது."

"அங்க பொத்தான் இல்லையப்பா" என்றேன். "குனிஞ்சு பிடுங்குங்கோ."