கட்டி முடியாத முப்பத்தெட்டு வீடுகள்

படிக்காதவன் முட்டாள்தனத்தை வாயால் செய்வான். படித்தவன் அதற்குப் படிவம் அச்சடிப்பான். நான் மூன்று பிரதிகளில் செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கொழும்பில் பட்டப்பின் படிப்பு. பாடம், வீடமைப்பும் நகரக் கொள்கையும். (ஊரில் யாரும் கேட்டால் "வீடு பற்றிப் படிக்கிறேன்" என்பேன். "மேசன் வேல பழக கொழும்புக்கா போகணும்?" என்பார்கள்.) ஆய்வுக்குத் தலைப்புத் தேடியபோது கல்முனைக் கரையோரம் கண்ணில் பட்டது. எந்தத் தெருவில் போனாலும் பாதியில் நிற்கும் வீடுகள். சுவர் இருக்கும், கூரை இராது. கூரை இருக்கும், கதவு இராது. இவை ஏன் முடியாமல் கிடக்கின்றன? பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "நல்ல கேள்வி" என்றார். அவர் கண்டியில் பிறந்தவர், அவருக்கு அது நல்ல கேள்விதான். அதே கரையோரத்து மருதமுனையில் பிறந்த எனக்கு அதைக் கேட்க வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிபோவார். பெண் பிறந்ததும் அத்திவாரம், வளர வளரச் சுவர், கலியாணம் பேசி முற்றானதும் ஓடு. ஆகவே கட்டி முடியாத வீடு என்றால், அதற்குரிய பெண்ணுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று அர்த்தம். இது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆங்கிலத்தில் யோசித்ததால் மறந்துபோனேன்.

எனக்கே ஒரு வீடு அப்படி எழும்பிக்கொண்டிருந்தது. மருதமுனையில் கைத்தறிச் சாரன் வியாபாரம் செய்த காசிம் மாமாவின் மகள் றைஹானாவை எனக்குப் பேசி முற்றாக்கியிருந்தார்கள். அவளை நான் பார்த்தது இரண்டே தடவை. அந்த இரண்டையும் கொழும்பு விடுதியில் படுத்துக்கொண்டு இருநூறு தடவை பார்த்திருப்பேன்.

சொந்த ஊரை ஆராய்ந்தால் பக்கச்சார்பு வந்துவிடும் என்று புத்தகம் சொன்னது. எனவே சில மைல் தள்ளியிருந்த சாய்ந்தமருதுக்குப் போனேன். கட்டி முடியாத வீடுகளாகப் பார்த்து முப்பத்தெட்டைத் தெரிந்தெடுத்தேன். சைக்கிள், அளவு நாடா, படிவக் கட்டு, கொழும்பில் தைத்த பெல்பொட்டம்.

முதல் வீட்டில் பிளேன்டீ தந்தார்கள். ஐந்தாவது வீட்டில் பால் தேத்தண்ணியும் பணியாரமும். பன்னிரண்டாவது வீட்டில் விருந்துக்கென்றே செய்கிற வட்டிலப்பம். "மக்களுக்கு ஆய்வில் மிகுந்த ஆர்வம் காணப்படுகிறது" என்று குறிப்பேட்டில் எழுதினேன். (அந்தக் குறிப்பேடு இன்னும் கிடக்கு. கிழிக்க மனம் வரல்ல.)

படிவத்தின் கேள்விகளை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அறைகள் எத்தனை? கிணறு தனியா, பொதுவா? வளவில் என்ன மரங்கள்? காணி உறுதி யார் பெயரில் எழுதப்படும்? பதினான்காவது கேள்வி, இந்த வீட்டில் எத்தனை பேர் குடியிருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

மீன் முதலாளி ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டார். "அது அல்லாஹ்ட நாட்டம், மகன். நீங்க எத்தின பேர எதிர்பாக்கிறீங்க?"

"சாதாரணமா ஒரு ஆறு பேர்," என்றேன். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

அதே வீட்டுக் குசினியை அளந்தபோது "புகை போக வழியில்ல" என்று வாய்க்குள் சொன்னேன். விட்டுப்போன ஓர் அளவை எடுக்க மறுநாள் போனால், மேசன் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். "நீங்க சொன்ன குறைதான் மகன்," என்றார் முதலாளி. நான் தரவு எடுக்கப்போன இடத்தில் தரவு என்னைக் கண்டு மாறிக்கொண்டிருந்தது. அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். குசினியின் புதிய அளவை எழுதிக்கொண்டு வந்தேன்.

முப்பத்தெட்டாவது வீடு முடிந்த மாலை, உம்மா வாசலிலேயே நின்றார்.

"சாய்ந்தமருதில ஊடு ஊடா ஏறி இறங்கிறயாம். ஒண்டும் புடிக்கல்லயாம். சந்தையில மூணு பேர் என்னட்டக் கேட்டுட்டாங்க."

"உம்மா, அது ஆராய்ச்சி."

"என்னவோ. காசிம் மாமா ஓடு போட வந்த ஆக்களத் திருப்பி அனுப்பிட்டார்."

ஓடு இல்லையென்றால் வீடு இல்லை. வீடு இல்லையென்றால் கலியாணம் இல்லை. இரண்டு தடவை பார்த்த றைஹானாவை மூன்றாவது தடவை பார்க்கவே கிடைக்காது போலிருந்தது. சைக்கிளைத் திருப்பினேன். படிவக் கட்டையும் கொண்டு போனேன். ஆதாரத்தைக் காட்டினால் என் குற்றமின்மை விளங்கிவிடுமாம். (மூளையப் பாருங்க.)

காசிம் மாமா சத்தம் போடுகிற ஆள் இல்லை. துணியில் இழை எண்ணிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு படிவமாகப் பார்த்தார்.

"'தென்னை நாலு, கிணறு தனி.' நல்ல வளவுதான்."

"அது தண்ணி வசதி பாக்கிறதுக்கு, மாமா."

"'உறுதி மூத்த மகள்ட பேருக்கு.' இதும் தண்ணி வசதிக்கா?"

நான் அடுத்த படிவத்தை எடுத்து நீட்டினேன்.

"முப்பத்தெட்டு ஊட்டிலயும் கொமர்ப்புள்ள இரிக்கி, தம்பி."

போன மாதம் வரை என்னை "மருமகன்" என்றவர் இப்போது "தம்பி" என்றார். வீடு கைமாறுவதை அப்படித்தான் அறிவிப்பார்கள் போலும்.

"நான் கொமர எண்ணல்ல மாமா. அறையத்தான் எண்ணினன்."

சொல்லி முடிக்குமுன்பே அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்துவிட்டது.

"செரி. எங்கட ஊடும் முடியாத ஊடுதானே. அத ஏன் அளக்க வரல்ல?"

"அது என்ட ஊடு எண்டு நெனச்சன். சொந்த ஊட்ட எடுத்தா பக்கச்சார்பு, மாமா."

புத்தகத்தில் படித்ததைத்தான் ஒப்புவித்தேன். மாமா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"வெறும் படிவம் மிச்சம் இரிக்கா?"

"இரிக்கி."

"எழுதுங்க."

கேட்டேன், சொன்னார், எழுதினேன். அறை இரண்டு. கிணறு தனி. கடைசியில் அந்தக் கேள்வி வந்தது: வீடு கட்டி முடியாததற்குக் காரணம்? மாமா திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். "புள்ள, இதுக்கு என்ன சொல்ல?"

றைஹானாவின் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன்.

"மாப்புள்ள இன்னும் ஊடு பாத்து முடியல்லயாம். அவர் முடிச்சா நாங்களும் முடிச்சிருவம் எண்டு எழுதச் சொல்லுங்க, வாப்பா."

மாமா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மடியில் விழுந்தது. "அவ சொன்னபடியே எழுதுங்க, மருமகன்."

எழுதினேன். பதில் சொல்பவரின் வார்த்தையை மாற்றக்கூடாது என்பதும் புத்தகத்தில் உள்ளதுதான். அடுத்த வாரம் கூரைக்கு ஓடு ஏறியது.

கொழும்பில் பேராசிரியர் படிவங்களைப் புரட்டினார். பணமுடை, சீமெந்துத் தட்டுப்பாடு, மறுபடி பணமுடை என்று வந்துகொண்டிருந்தவர், முப்பத்தொன்பதாவதில் நின்றார். அந்தக் காரணத்தை எந்தக் கட்டத்திலும் அடக்க முடியாமல் "மற்றவை" என்ற கட்டத்தில் போட்டிருந்தேன். "இந்த 'மற்றவை' என்ன?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் விளக்கக் கால் மணித்தியாலம் பிடித்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நீர் பார்த்து முடித்துவிட்டீரா?" என்றார்.

'மற்றவை' என்ற சொல் கலியாணத்துக்குப் பின் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. காரணம் சொல்ல விரும்பாத எதற்கும் அதுதான் காரணம். சின்ன மகன் கணக்கில் பதினெட்டுப் புள்ளியோடு தேர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்தபோது, நான் பழைய ஆய்வாளரின் தோரணையில் விசாரித்தேன். பாடம் விளங்கவில்லையா? ஆசிரியர் சரியில்லையா? கண் தெரியவில்லையா? அவன் தன் உம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"மற்றவை, வாப்பா."

றைஹானா குசினிக்குள் போய்ச் சிரித்தாள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.