வெள்ளை மட்டும்தானான்னு கேக்காரு

கம்ப்யூட்டர் படித்தவன் வீட்டுக்கு உதவி செய்கிறேன் என்று கிளம்பினால், வீட்டார் கதவைப் பூட்டிக்கொள்வது நல்லது. இதை என் அக்காதான் சொல்லவேண்டும். அவள் சொல்லமாட்டாள் என்பதால் நானே ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா மல்லிகா பல்லடம் ரோட்டில் பதினான்கு தையல் மெஷின்கள் வைத்து ஜாப் ஒர்க் செய்துவந்தாள். ஆர்டரும் துணியும் பெயரும் வேறொரு கம்பெனியுடையவை. இவள் காலர் மட்டும் தைத்து மூட்டை கட்டி அனுப்பவேண்டும். ஒன்பது வருஷம் ஊரான் சட்டைக்குக் காலர் தைத்தவளுக்கு, ஒரு முழுச் சட்டையைத் தைத்துத் தன் பெயரில் கப்பலேற்ற ஆசை. ஒருவழியாக ஒரு பையர், அதாவது மொத்தமாகச் சட்டை வாங்குகிறவர், சிக்கினார். ஐரோப்பாக்காரர். குழந்தைகளுக்குக் காலர் வைத்த டி-ஷர்ட், பன்னிரண்டு நிறத்தில் வேண்டும் என்றார். பையிங் ஏஜென்சியைச் சேர்ந்த செல்வராஜ் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவரை யூனிட்டுக்கே அழைத்து வருவதாக ஏற்பாடு.

அக்கா தன் பங்குக்கு ஓர் அட்டை தயார் செய்திருந்தாள். பன்னிரண்டு நிறத் துணித்துண்டுகள் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் லாட் நம்பர் எழுதிய அட்டை. இந்த லாட் நம்பர் எங்கள் ஊரில் சாமி மாதிரி. ஒரே நீலத்தைச் சாயப்பட்டறையில் இரண்டு தடவை போட்டால் இரண்டு நீலம் வரும்; அதனால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நம்பர். உடம்புக்கு ஒரு லாட், கைக்கு ஒரு லாட் என்று கலந்து தைத்துவிட்டால் வெளிச்சத்தில் சட்டை காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பெயர் லாட் மிக்ஸ். கெட்ட வார்த்தையைக்கூட மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள். நானே பள்ளி விடுமுறைகளில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக்கட்டாக லாட் நம்பர் சீட்டு கட்டியவன்தான். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.)

அப்போது கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் வெப்சைட் வேலை பார்த்திருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் அரைகுறை ஆங்கிலம், தலையில் கனம். அக்காவின் அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏங்க்கா, இந்தக் காலத்துல போயி துணிய ஒட்டிக் காட்டுவாங்களா? நான் ஒரு பேஜ் பண்ணித் தாரேன். அவரு நிறத்தைத் தொட்டா ஸ்கிரீன்ல சட்டையே நிறம் மாறும். மனுசன் அசந்துருவாரு."

"அது செரி கண்ணு. அட்டையும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே?"

"அட்டை இருந்தா அதையத்தான் பாப்பாரு. பட்டிக்காட்டு யூனிட்டுன்னு நெனச்சுக்குவாரு."

அக்கா மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். தம்பி படித்தவன். திங்கட்கிழமை சாயங்காலம் மேசையைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த அட்டையைக் கட்டிங் வேஸ்ட் சாக்கில் திணித்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வேஸ்ட் வண்டி வந்து சாக்கை ஏற்றிக்கொண்டு போனது.

என் பேஜைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில் ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் துண்டுகள் ஒன்பது. உடம்பை வரைய ஒன்று, கையை வரைய ஒன்று, நிறம் மாற்ற ஒன்று என்று. பாதிக்குமேல் நான் எழுதியவை அல்ல. யாரோ புண்ணியவான்கள் எழுதி இணையத்தில் சும்மா கொடுத்திருக்கும் லைப்ரரிகள். எது எதை நம்பியிருக்கிறது என்று பார்த்து அவற்றை ஒழுங்காக இழுத்து வருவது மாட்யூல் லோடர் என்கிற சாமானின் வேலை. தையலில் பாடி, கை, காலர் மூன்றும் வந்து சேர்ந்தால்தான் டெய்லர் மெஷினை மிதிப்பார். ஒன்று குறைந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இங்கேயும் அதே கதைதான். ஒவ்வொரு லைப்ரரிக்கும் வெர்ஷன் நம்பர் உண்டு. இந்த நம்பர்தான் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் அதுவே வரும். எழுதாவிட்டால் அன்றைக்கு எது புதுசோ அது இறங்கும். நான் எழுதவில்லை. புதுசு என்றால் நல்லதாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். (இந்த அறிவை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.)

திங்கட்கிழமை மதியம் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், அம்சமாக ஓடியது. செவ்வாய்க்கிழமை காலை ஓட்டிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் யூனிட்டின் அயர்னிங் மாஸ்டரிடம் என் சட்டையைக் கொடுத்து மடிப்பு சரியில்லை என்று இரண்டாவது தடவையாகத் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. வெள்ளைக்காரர் ஒல்லியாக, மரியாதையானவராக இருந்தார். செல்வராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊருக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மட்டும் தாமிரபரணிக் கரையிலேயே இருந்தது. அக்கா புதுப் புடவையில், கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். டெய்லர்கள் பாதி மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். வீட்டு டிவியைத் தூக்கிவந்து லேப்டாப்பில் மாட்டியிருந்தேன். அதன் முன்னால் நின்று, "வெல்கம் டு த ஃபியூச்சர் ஆஃப் காலர்ஸ்" என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

பட்டனை அழுத்தினேன். டிவி வெள்ளையானது. சட்டை வரவில்லை, நிறம் வரவில்லை, ஓர் எழுத்துகூட இல்லை.

"நெட் கொஞ்சம் ஸ்லோ" என்றேன். மறுபடி அழுத்தினேன். இன்னும் நல்ல வெள்ளையாக வந்த மாதிரி இருந்தது. பையர் கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, அந்த வெள்ளையை மிகுந்த கவனத்தோடு பார்த்தார். பிறகு செல்வராஜின் காதில் ஏதோ கேட்டார்.

செல்வராஜ் என் பக்கம் திரும்பினார். "தம்பி, வெள்ளை மட்டும்தானான்னு கேக்காரு."

பையர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்கமுடியவில்லை. அயர்னிங் மேசைப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நோண்டிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. நிறம் மாற்றும் லைப்ரரிக்காரர்கள் முந்தின நாள் சாயங்காலம்தான் புது வெர்ஷன் விட்டிருக்கிறார்கள். என் பேஜ் அதைக் கூப்பிடும் பெயரையே அதில் மாற்றிவிட்டார்கள். வியர்த்து ஊற்ற, லேப்டாப்பில் கிடந்த பழைய காப்பியை எடுத்துச் சொருகினேன். சட்டை வந்தது. அக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பையர் கடுகு மஞ்சளைத் தொட்டார்.

உடம்பு ஒரு கடுகு மஞ்சள். கை இன்னொரு கடுகு மஞ்சள்.

கையை வரையும் துண்டு வேறொருவர் எழுதியது. அது தனக்கென்று நிறம் மாற்றும் லைப்ரரியின் புது வெர்ஷனையே இழுத்துக்கொண்டு வந்திருந்தது. உடம்பு பழைய கணக்கில், கை புதுக் கணக்கில். நீலத்தைத் தொட்டார், இரண்டு நீலம். பச்சையைத் தொட்டார், இரண்டு பச்சை. எந்த யூனிட்டும் மூட்டைக்கடியில் ஒளித்துவைக்கும் அசிங்கத்தை நான் நாற்பது இஞ்சு டிவியில் பன்னிரண்டு நிறத்திலும் போட்டுக் காட்டினேன்.

"இது லாட் மிக்ஸுல்லா இருக்கு" என்று செல்வராஜ் முணுமுணுத்தார்.

அக்கா அசராமல் சொன்னாள்: "கண்ணு, அந்த அட்டைய எடு."

"அது... வேஸ்ட்டுல போயிருச்சுக்கா."

அவள் திரும்பி, வந்தவர்களுக்கு டீ கொண்டுவரச் சொன்னாள். அவர்கள் டீ குடித்தார்கள், தகவல் சொல்வதாகச் சொன்னார்கள், போனார்கள். எங்கள் தொழிலில் தகவல் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்பது பதினான்கு டெய்லர்களுக்கும் தெரியும். மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

எங்கள் பக்கத்தில் கோபம் முற்றினால் குரல் உயராது, மரியாதை கூடும். அன்று மதியம் என்ன நடந்தது என்று அக்கா கேட்க, நான் வெர்ஷன், லோடர் என்று அரை மணி நேரம் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப அதுக்கும் லாட் நம்பர் இருக்குதுங்களா?"

"இருக்குக்கா."

"போட்டீங்களா?"

எட்டு வருஷம் மூத்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவள், என்னை 'நீங்க' என்றாள். செருப்பால் அடித்திருக்கலாம்.

ஆறு மாதம் கழித்து, ஒரு பெரிய கம்பெனியிலிருந்து காலர் தைக்க மூட்டைகள் வந்தன. குழந்தைகள் சைஸ், பன்னிரண்டு நிறம். அக்கா தேர்ந்தெடுத்த அதே நிறங்கள். அவளுக்கு வரவேண்டிய ஆர்டர் சுற்றிச் சுற்றி அவளிடமே ஜாப் ஒர்க்காக வந்திருந்தது. கடுகு மஞ்சள் கட்டைப் பிரித்து, சீட்டை என்னிடம் நீட்டினாள். "பாருங்க, லாட் நம்பர் போட்டிருக்காங்க." அதற்குப் பிறகு உட்கார்ந்து அத்தனை காலரையும் தைத்துக் கொடுத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

குடும்பத்துக்கோ அன்றைய வெள்ளை டிவி தீராத விருந்து. சட்னி வருவதற்கு முன் இலையில் இட்லி விழுந்தால் அம்மா, "வெள்ளை மட்டும்தானான்னு கேக்காரு" என்பாள், செல்வராஜின் ராகத்திலேயே. என் கல்யாணத்தில் வெள்ளை வேட்டி சட்டையோடு நான் மேடையேறியபோது, அயர்னிங் மாஸ்டர் கடைசி வரிசையிலிருந்து அதையே கத்தினார். மண்டபமே சிரித்தது, என்ன ஏது என்று தெரியாமல் என் மனைவியும் சிரித்தாள். அக்கா மட்டும் இந்த ஜோக்கை ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு வருஷம் போல 'நீங்க' என்று வாட்டிவிட்டு, மெல்ல மறுபடி 'கண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தாள். எல்லாம் ஆறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் யூனிட்டுக்குப் போனேன். மேசை நிறையத் துணித்துண்டுகள். புதிதாக ஒரு பையர் வரப்போகிறாராம். அக்கா அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு, உக்காரு. சாப்ட்டயா?"

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இப்போது நான் எந்த லைப்ரரியைத் தொட்டாலும் வெர்ஷன் நம்பர் எழுதாமல் விடுவதில்லை. அதையும் சொல்லி, "அக்கா, இந்த வாட்டி நம்பரெல்லாம் போட்டு, பக்காவா ஒரு பேஜ்..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா நிமிரவில்லை. ஒரு துண்டை எடுத்து மூலை பிசகாமல் வைத்துப் பார்த்தாள்.

"வேண்டாமுங்க" என்றாள். "அந்தப் பசை டப்பாவ மட்டும் இப்படி எடுத்து வையுங்க."