கேப்டன் இன்னும் அடுக்கிக்கொண்டிருக்கிறார்

காரியம் செய்கிறவர்கள் ஒரு வகை, செய்யாமல் சும்மா இருக்கிறவர்கள் ஒரு வகை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவதாக ஓர் இனம் உண்டு, வாசகரே. காரியத்துக்கு ஏற்பாடு செய்கிறவர்கள். இவர்களைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கண் விழித்ததிலிருந்து ஓயாமல் உழைப்பார்கள், வியர்வை வழிய உழைப்பார்கள், கழுத்து பிடித்துக்கொண்டால் தைலம் தடவிக்கொண்டு உழைப்பார்கள். காரியம் மட்டும் நடக்காது.

இந்த இனத்தில் அசல் வித்து ஒருவரைக் காட்டுகிறேன். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் ஊர்க்காரர்களின் கண்ணைச் சோதித்து, கீழ் வரிசை எழுத்து தெரிகிறதா என்று கேட்பது தொழில். வீட்டுக்கு வந்தால் கேப்டன். அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் அவருடைய மனைவியின் தம்பி, வாஷிங் மெஷின் மெக்கானிக். கேலியாகச் சூட்டியதுதான். இவர் அதை வாங்கி மார்பில் குத்திக்கொண்டார்.

கேப்டனிடம் விமான சிமுலேட்டர் இருக்கிறது. அதாவது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டலாம். விளையாட்டு என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள், மூன்று நாள் பேசமாட்டார். வாங்கும்போதே அதில் சில விமானங்களும் விமான நிலையங்களும் இருக்கும். அது போதாது என்று, உலகெங்கும் இருக்கிற கைகாரர்கள் புதுப்புது விமானங்கள், நிலையங்கள், பாலங்கள், மேகங்கள், ஓடுபாதை ஓரத்தில் படுத்திருக்கும் பூனை வரைக்கும் செய்து இணையத்தில் வைக்கிறார்கள். ஆட்-ஆன் என்று பெயர். இறக்கி, ஒரு ஃபோல்டரில் போட்டால் சிமுலேட்டர் எடுத்துக்கொள்ளும்.

நான்கு வருடத்தில் கேப்டன் சேர்த்த ஆட்-ஆன்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. பறந்த நேரம் நாற்பத்தேழு நிமிடம். அதில் முப்பத்தொரு நிமிடம் விமானம் தரையில் நின்றது. கையில் பிடித்து ஓட்டுகிற குச்சியின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

பின்னே நான்கு வருடமாக என்னதான் செய்தார்? அடுக்கினார். கண்டம் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் நாடு, அதற்குள் நகரம், அதற்குள் நிலையம், அதற்குள் கட்டடம் தனி, விளக்குக் கம்பம் தனி. ‘புதியது’ என்று ஒன்று, ‘கடைசி’ என்று ஒன்று, ‘உண்மையான கடைசி’ என்று ஒன்று. ‘இதைத் தொடாதே’ என்று ஒன்றைத் திறந்தால் உள்ளே ‘இதையும் தொடாதே’. ஒரு முறை, தண்ணீரில் இறங்குகிற விமானம் ஒன்றை இறக்கிவிட்டு, இதை விமானத்தில் சேர்ப்பதா படகில் சேர்ப்பதா என்று இரண்டு வாரம் சோறு தண்ணீர் இறங்காமல் தவித்தார். அந்த இரண்டு வாரத்தில் கடைக்கு வந்தவர்களில் மூன்று பேருக்கு இடது கண்ணாடியை வலது கண்ணுக்குப் போட்டுக் கொடுத்ததாகக் கேள்வி. கடைசியில் ‘இரண்டுங்கெட்டான்’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அந்த ஒற்றை விமானத்தை அதில் குடிவைத்த பிறகுதான் தூக்கம் வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு நாள் அவருடைய மனைவி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை. ஆறு வருடமாகப் பொய்ப்பல்லுக்கு மாவு குழைத்துக் குழைத்து விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போனவர்.

“என்னங்க, புது மெஷின் பழகிட்டு வர என்னை அனுப்புறாங்க. ஆறு நாள். ப்ளேன்ல போகணும்.”

“அடேயப்பா! எந்த ப்ளேன்?”

“எந்த ப்ளேனா இருந்தா என்ன? நினைச்சாலே பயமா இருக்கு. போகலைன்னா பக்கத்து மேசைக்காரி போயிடுவா. அப்புறம் காலம் பூரா அவளுக்கு நான் மாவு குழைச்சுக் குடுக்கணும். உங்க கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு தடவை ஏத்தி இறக்கிக் காட்டுங்களேன். எப்போ ஆடும், எப்போ சத்தம் வரும்னு தெரிஞ்சுட்டா தைரியமா போயிடுவேன்.”

கேப்டனுக்கு நெஞ்சு விம்மியது. நான்கு வருடத்தில் முதல் பயணி! அதுவும் தாலி கட்டிய பயணி!

“இன்னும் பத்து நாள் இருக்கில்ல? ஜமாய்ச்சுடலாம்.”

“பத்து நிமிஷம் போதாதா?”

குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார் கேப்டன்.

முதல் நாள், மனைவி ஏறப்போகும் விமானம் எது என்று கண்டுபிடித்து இறக்கினார். இரண்டாம் நாள் அதன் இருக்கைத் துணியின் நிறத்தைத் தேடினார். மூன்றாம் நாள் விமான நிலையம் வந்தது. அந்த நிலையம் வேலை செய்ய இன்னொருவர் செய்த விளக்குக் கம்பங்கள் வேண்டும், அந்தக் கம்பங்கள் எரிய வேறொருவர் செய்த பல்புகள் வேண்டும், பல்புக்காரரோ ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் புதுப் பதிப்பு. ஐந்தாம் நாள், அதே நிலையம் ஏற்கெனவே ‘உண்மையான கடைசி’யில் கிடந்தது தெரியாமல் போனதால், ஒன்றின் கோபுரம் இன்னொன்றின் கழிப்பறைக்குள் முளைத்தது. ஆறாம் நாள் கேப்டன் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தக் குப்பைக்குள் வைத்து ஒரு பெண்பிள்ளையை எப்படி விமானத்தில் ஏற்றுவது? முதலில் எல்லாவற்றையும் அடியோடு கலைத்துப் புதிதாக அடுக்க வேண்டும்! கடைக் கதவில் ‘உடல்நலமில்லை’ என்று அட்டை தொங்கியது.

மனைவி தினமும் வேலை முடிந்து வந்ததும் கைப்பையோடு பின்னால் நிற்பார்.

“இன்னிக்கு ஏறலாமா?”

“இன்னும் ஒரே ஒரு ஃபோல்டர்.”

பயணத்துக்கு முந்தைய நாள், ஞாயிறு காலை, எல்லாம் ஒழுங்காகிவிட்டது. கேப்டன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். சாப்பாட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மனைவியை உட்காரவைத்து, தன் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார். மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கேப்டன் பொத்தானை அழுத்தினார்.

திரை விரிந்தது. ஒரு மொட்டை ஓடுபாதை. ஓரத்தில் சதுரமாக ஒரு கட்டடம். நடுவில், சிமுலேட்டரை வாங்கும்போதே கூட வருகிற இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். அவ்வளவுதான்.

என்ன ஆயிற்று தெரியுமா? இந்த சிமுலேட்டர் தனக்குச் சொன்ன ஃபோல்டரை மட்டும்தான் திறந்து பார்க்கும். அதற்குள் ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்றால் உள்ளே போய்த் தேடாது. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று திரும்பிப் போகிற விருந்தாளி மாதிரி. கேப்டன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டையும் ஏழு அறை தாண்டி அடுக்கிவைத்திருந்தார். அலங்கோலமாகக் கிடந்தவரை, அங்கங்கே சில ஃபோல்டர்களைத் தனித்தனியாக அதற்குச் சொல்லிவைத்திருந்ததால் ஏதோ பாதியாவது தெரிந்துகொண்டிருந்தது. ஒழுங்கு வந்ததும் ஒன்றுமே தெரியவில்லை.

“ஐ, நல்லாத்தானே இருக்கு. ஓட்டுங்க” என்றார் மனைவி.

“இதுலயா? இது உன் ப்ளேனே இல்லம்மா. அந்தக் கட்டடத்தைப் பாரு, அட்டைப்பெட்டி மாதிரி.”

“ரெக்கை இருக்கில்ல?”

“ரெக்கை இருக்கு.”

“மேல போகுமில்ல?”

“போகும். ஆனா...”

“கீழ வருமில்ல?”

கேப்டன் திரையை மூடினார். “ஒரு மணி நேரம் குடு. எல்லாத்தையும் வெளிய எடுத்துடறேன்.”

மனைவி பெல்ட்டை அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்தார். அவர் கண்ணில் பயம் அப்படியே இருந்தது. கேப்டன் அதைப் பார்த்தார். கண்ணைப் பார்ப்பதுதானே அவர் தொழில்? பார்த்துவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த மனிதரை நான் என்னென்னவோ மன்னித்திருக்கிறேன், இதை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

மாலையில் மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போய் வந்ததைக் கேப்டன் கவனிக்கவில்லை. மறுநாள் காலை தம்பி வண்டி கொண்டுவந்து அக்காவை ஏற்றிப் போனதை மட்டும் கவனித்தார். எப்படியும் பாதியில் திரும்பி வந்துவிடுவாள், அதற்குள் முடித்துவிடலாம் என்று வேகவேகமாக அடுக்கினார். தம்பி மட்டும்தான் திரும்பி வந்தார்.

“அக்கா எங்க?”

“ஏறிடுச்சு மாமா. கையை ஆட்டிட்டு உள்ள போயிடுச்சு.”

“பயப்படலையா?”

“பயம் நேத்தே போயிடுச்சே! நீங்க வச்சிருக்கீங்கல்ல, அதையே என் லேப்டாப்ல போட்டுக் குடுத்தேன். முதல் தடவை நேரா கட்டடத்துல மோதுச்சு. ரெண்டாவது தடவை தலைகீழா போச்சு. மூணாவது தடவை அக்காவே ஒழுங்கா இறக்கிடுச்சு. சிரிச்சு சிரிச்சு எங்களுக்கு வயிறு புண்ணாப்போச்சு மாமா.”

கேப்டன் மெல்லக் கேட்டார்: “என்னென்ன ஆட்-ஆன் போட்டே?”

“என்ன ஆன்?”

“அப்போ... அந்தக் கட்டடம்? அட்டைப்பெட்டி மாதிரி இருந்திருக்குமே?”

“ஆமா மாமா. அதான் மோதினப்போ வலிக்கல.”

தம்பி போனபின் கேப்டன் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அவமானமாக இருந்தது. அவருடைய ஒரே பயணி வேறு விமானத்தில் ஏறிப் பயத்தைத் தொலைத்துவிட்டார். நான்கு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு எந்த ஃபோல்டரின் ஞாபகமும் வரவில்லை. அந்த நிலையிலேயே விட்டிருந்தால் ஆள் தேறியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மதியம் கைப்பேசி சிணுங்கியது. மனைவி இறங்கிவிட்டார். ஒரு படம் வந்திருந்தது: ஜன்னல், ரெக்கை, கீழே மேகம், ஓரத்தில் வெளுத்த கட்டைவிரல் ஒன்று வெற்றி என்று நிமிர்ந்து நின்றது. கீழே எழுதியிருந்தார்: ‘பயமே இல்லைங்க. அடுத்த தடவை நீங்களும் வாங்க. நீங்க இன்னும் ப்ளேன்ல ஏறினதே இல்லையே.’

கேப்டனின் கண் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அந்தக் கட்டைவிரலையே பார்த்தார். பதில் எழுத விரலை வைத்தார். அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. இந்தப் படத்தை எதில் வைப்பது? வானத்திலா? ரெக்கையிலா? மனைவியிலா?

ஒரு மணி நேரம் கழித்து மனைவியிடமிருந்து மறுபடி வந்தது: ‘படம் வந்துச்சா?’

‘ஒரு நிமிஷம்’ என்று பதில் போனது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், ‘அப்புறம் படிக்க’ என்று நீங்கள் ஒதுக்கிவைத்திருக்கிற இடத்தில் இதையும் பத்திரமாகப் போட்டுவையுங்கள். போடும்போது ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். ‘கொஞ்சம் இரு, எல்லாம் ஒழுங்குபடுத்திட்டுக் கூப்பிடறேன்’ என்று நீங்களும் யாரிடமோ சொன்னீர்களே, அவர் இன்னமுமா கைப்பையோடு உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்? எதற்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுங்கள்.