நல்ல நேரத்தில் லாகின்

திருவண்ணாமலை,
வெள்ளிக்கிழமை

என் தம்பி பெற்ற பிள்ளை விமல்ராஜுக்கு, பெரியப்பா ராமகிருஷ்ணன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே எல்லாம் நலம், என் மானம் ஒன்றைத் தவிர.

கல்யாண சைட்டில் தினமும் நுழைந்தால்தான் நம் அருணாதேவிக்கு நல்ல வரன் வரும் என்றார்கள். பாஸ்வேர்டைத் தேடிப் போடுவதற்குள் ராகு காலம் பிறந்துவிடுகிறதே என்று உன்னிடம் அழுதேன். அவள் வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள்தான், ஆனாலும் கல்யாணப் பெண்ணையே இதற்குக் கேட்பதா? நீயும் தீபத்துக்கு வந்தபோது, நல்ல நேரம் பார்த்துத் தானாகவே லாகின் ஆகும் புரோகிராம் ஒன்றை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாய். உன் பெரியம்மா சந்திரகலா அதற்குக் குங்குமம் வைத்தாள். தினமும் 'வருகைக்கு நன்றி' என்று வரும். வரன் பார்த்தாகிவிட்டது என்று நான் நிம்மதியாக டிபன் சாப்பிடப் போய்விடுவேன்.

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேனா, அடி அண்ணாமலையில் ஜூஸ் கடை காசி கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் பையனுக்குப் பெங்களூரில் வேலை. எப்படிப் போய்க் கேட்பது என்று நானே தயங்கிக்கொண்டிருந்த இடம். "ஏங்க, எங்க பையன் விருப்பம் தெரிவிச்சு மாசக்கணக்கா ஆகுது. தினம் உள்ள வர்றீங்கன்னு சைட்டே காட்டுது. ஒரு பதில் இல்ல. அவ்ளோ எளக்காரமா போயிட்டமா உங்களுக்கு?"ன்னு கேட்டுட்டாரு. கூட்டமே நின்னு பார்க்குது. வீட்டுக்கு வந்து தொறந்து பார்த்தா வரனுங்க குவிஞ்சு கெடக்கு. உன் புரோகிராம் உள்ள போகுது, நிக்குது, வெளிய வந்துடுது, ஒருத்தரையும் ஏறெடுத்துப் பார்க்கல. இப்ப காசி வேலூர்ல பொண்ணு பார்க்குறாராம். இது பொண்ணு வாழ்க்கைடா, எனக்குத் தூக்கமே வரல. உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். உடனே பஸ் ஏறி வந்து சரி பண்ணிக் குடு.

கோபம் வேறு, ஆசி வேறு. நீ நன்றாக இருக்க வேண்டும். உன் அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
பெரியப்பா

பி.கு.: நீ வர வேண்டாம். இதைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், அருணா வந்து நின்றாள். "விமலைத் திட்டாதீங்கப்பா. அவன் லேப்டாப்ல போட்டுக் குடுத்ததோட சரி. யாரையும் பார்க்காம வெளிய வந்துடற மாதிரி எழுதினது நான்தான்"ங்கிறா. "அப்ப உனக்கு என்னதாம்மா வேணும்?"னு கேட்டேன். "ஊரெல்லாம் கேட்டீங்க. என்கிட்ட இப்பதாம்ப்பா கேக்குறீங்க"ன்னா.